கதவு மாதிரி இருக்கக் கூடாது என்று நான் செய்த பலகை

நான் பாத்ரூம் கதவு செய்கிறவன். அரியமங்கலம் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டறை. நானும் என்னோடு வேலை செய்யும் ஒருவரும்தான் அங்கே ஆள். மரக்கதவு தண்ணீர் பட்டால் ஊறிப்போய் அடியில் கறுத்துவிடும். நாங்கள் செய்வது ஃபைபர் கதவு. நடுவில் ஃபோம், இரண்டு பக்கமும் கண்ணாடி இழைத் துணி, அதன்மேல் ரெசின் பூசிக் காயவைத்தால் கதவு. ஏழு அடி உயரம், இரண்டரை அடி அகலம். இருபது வருஷமாக இதையே செய்கிறேன். திருச்சியில் பாதிப் பேர் காலையில் எழுந்ததும் முதலில் தட்டுவது இவர் செய்த கதவைத்தான் என்று என் மனைவி சொந்தக்காரர்களிடம் சொல்வாள். பெருமைக்குச் சொல்கிறாளா, வேறு எதற்காவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கதவுக்காரன் கடலைப் பற்றி எழுத வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. என் மகளோடு படிக்கும் பிள்ளைகள் சிலர், "உங்க அப்பா செஞ்ச சர்ஃப் போர்டு ஏன் ஓடலை?" என்று அவளைக் கேட்டார்களாம். அவள் ஏதோ பாதி சொல்லி மீதியை மழுப்பிவிட்டாள். என்னைக் காப்பாற்றுகிறாள். அவள் என்னைக் காப்பாற்றப் போய்த்தான் இத்தனையும் நடந்தது. அதனால் இந்தத் தடவை நானே முழுதாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் தாராளமாகச் சிரிக்கலாம்.

மகள் எட்டாவது முடித்த மே மாத லீவில் கடலூரில் இருக்கும் அவள் பெரியம்மா வீட்டுக்குப் போனாள். அங்கிருந்து புதுச்சேரி போகிற வழியில் ஒரு கடற்கரையில் சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கிறார்கள். சர்ஃபிங் என்றால், ஒரு பலகையில் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போய், அலை வரும்போது அதோடு சேர்ந்து ஓடி, சட்டென்று எழுந்து நிற்பது. வேடிக்கை பார்க்கப் போனவள் பத்து நாள் பழகினாள். கருவேப்பிலைக் கொழுந்து மாதிரி போனவள் கருகின அப்பளம் மாதிரி வந்து சேர்ந்தாள்.

"அப்பா, நான் அலை மேல நின்னேன்."

"எவ்வளவு நேரம்?"

"நாலு செகண்டு."

அந்த நாலு செகண்டை ஒரு வாரம் சொன்னாள். 

அங்கே சொல்லிக்கொடுப்பவரை எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள். கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவர், முப்பது வயசு இருக்கும். அவர் ஒரு சோதனை வைத்திருந்தார். காலாண்டு லீவில் வர வேண்டும். யாரும் பின்னாலிருந்து தள்ளிவிடாமல், அரை மணி நேரத்துக்குள் மூன்று அலையைத் தானாகப் பிடித்து எழுந்து நிற்க வேண்டும். நின்றால், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும் பயிற்சியில் சேர்த்துக்கொள்வார்.

என் மனைவி வீட்டில் டியூஷன் எடுப்பவள். ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருக்கும் மாடியில் சாயங்காலம் ஆனால் பத்துப் பதினைந்து பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். அவள் மகளிடம் ஒரு ஒப்பந்தம் போட்டாள்.

"மூணு அலை பிடிச்சா மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போ, நான் தடுக்கலை. பிடிக்கலைன்னா அதே ஞாயித்துக்கிழமை கணக்கு. அடுத்த வருஷம் பத்தாவது. அப்பறம் அழக் கூடாது."

"அழ மாட்டேன்மா."

அன்று முதல் மகள் தினமும் சாயங்காலம் தரையில் தலையணையைப் போட்டு அதன்மேல் குப்புறப் படுத்து, கை இரண்டையும் மாற்றி மாற்றி வீசுவாள். டியூஷன் பிள்ளைகள் எண்ணுவார்கள். நூறு வந்ததும் எழுந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பாடப் புத்தகத்தை எடுப்பாள். என் பெண் அப்படி ஒன்றைக் கேட்டு நான் பார்த்ததில்லை. சைக்கிள் கேட்டபோதுகூட இரண்டு நாள்தான் கேட்டாள்.

இந்த இடத்தில் நான் நுழைந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

"அங்க எந்தப் போர்டுல பழகினே?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அவங்க போர்டுப்பா. நீலக் கலரு. பெருசா, அகலமா இருக்கும். நீங்க பார்த்தா சிரிப்பீங்க, நம்ம பட்டறைக் கதவு மாதிரியே இருக்கும்."

அவள் ஆசையாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷம் கதவு செய்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும். எங்கே கல்யாணத்துக்குப் போனாலும், "கதவு அண்ணன் வந்துட்டாரு" என்பார்கள். கடலுக்குப் போன இடத்திலும் என் பெண் ஒரு கதவின்மேல் நிற்க வேண்டுமா? அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

"உனக்குப் போர்டு நான் செஞ்சு தரேன்."

அவள் முகம் மலர்ந்தது. அப்புறம் கொஞ்சம் யோசித்தாள். "உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"ஃபைபர்ல எனக்குத் தெரியாததா?"

போனில் வீடியோ பார்த்தேன். எந்த ஊரோ தெரியாது, மலை மாதிரி அலை. ஒருவர் கத்தி மாதிரி ஒரு பலகையில் அதன்மேல் வந்து, திரும்பி, தண்ணீரை விசிறி அடித்தார். அவ்வளவுதான், தீர்மானம் ஆகிவிட்டது. இன்னொரு வீடியோவும் பார்த்தேன். அதில் ஒருவர் ஆங்கிலத்தில் நிறையப் பேசிக்கொண்டே இருந்தார். அதைப் பாதியில் நிறுத்திவிட்டேன். நான் அந்தக் காலத்துப் பிளஸ் டூ, இங்கிலீஷில் பார்டர் மார்க். எனக்குத் தேவையானது எல்லாம் நான் பார்க்காத பாதியில்தான் இருந்தது என்று மகள் பிறகு பார்த்துச் சொன்னாள்.

முதலில் ஒரு பெரிய தெர்மாகோல் கட்டியைச் செதுக்கி, அதன்மேல் நாங்கள் கதவுக்குப் பூசும் ரெசினைப் பூசினேன். ரெசின் தெர்மாகோலைத் தின்றுவிட்டது. வெயிலில் வைத்த ஐஸ்கிரீம் மாதிரி நடுவில் குழி விழுந்து, புகை வராத குறைதான். கதவுக்குள் வைக்கும் ஃபோமை ரெசின் ஒன்றும் செய்யாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் கதவுக்கான ஃபோமை இதற்குத் தொடக் கூடாது என்பதல்லவா என் கொள்கை. கடைசியில் கொள்கையில் பாதியை விட்டேன். ஃபோம் கதவுடையது, வடிவம் என்னுடையது.

ஐந்தரை அடி நீளம். பதினேழு அங்குல அகலம். தடிமன் இரண்டு அங்குலம்கூட இல்லை. முனை கூராக. அந்த முனையை மேல்நோக்கி நன்றாக வளைத்தேன், நாடகத்தில் ராஜா வேஷம் கட்டுகிறவர் செருப்பு வளைந்திருக்குமே, அது மாதிரி. எங்கேயாவது கொஞ்சம் அகலம் கூடிவிட்டால் எனக்குக் கதவு ஞாபகம் வரும். உடனே உப்புத்தாள் எடுத்துத் தேய்ப்பேன். இப்படித் தேய்த்துத் தேய்த்தே பாதிப் பலகையைத் தூசியாக்கித் தரையில் பெருக்கித் தள்ளினேன். மாம்பழ மஞ்சள் அடித்து, நடுவில் ஒரு சிவப்புக் கோடு போட்டேன்.

என்னோடு வேலை செய்பவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"அண்ணே, இது யாருக்கு?"

"பாப்பாவுக்கு."

"பாப்பா மேல ஏதும் கோவமா?"

"ஏன்யா?"

"இல்ல, நிக்க இடமே காணோமே."

நான் பலகையின் ஓரத்தைத் துணியால் துடைத்தேன். கலை தெரியாதவரிடம் என்ன பேசுவது.

ஆடி மாதம் காவிரியில் தண்ணீர் வந்தது. சோதித்துப் பார்க்க வேண்டுமே. திருச்சிக்காரனுக்குத் தண்ணீர் என்றால் காவிரிதான், வேறு எதை நினைப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் படித்துறைக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு மகளோடு போனோம். என் இடுப்பில் ஒரு கயிறு கட்டி, மறுமுனையை என்னோடு வேலை செய்கிற பட்டறைக்காரர் பிடித்துக்கொண்டார். அது என் மனைவி போட்ட உத்தரவு. பிள்ளைகளே, ஓடுகிற ஆற்றில் கயிறு கட்டிக்கொண்டாலும் இதை நீங்கள் செய்யக் கூடாது. நான் செய்தது எதையுமே செய்யக் கூடாது.

குளித்துவிட்டு நெற்றியில் ஈரத் திருமண்ணோடு படியேறிய பெரியவர் ஒருவர் நின்றார்.

"என்ன ஸ்வாமி இது? பெருமாளுக்கு ஏதாவது புது வாகனமா?"

"இல்லைங்க. அலை பிடிக்கிறதுக்கு."

"காவேரியிலே அலையா? பேஷ்" என்றார். ஈர வேஷ்டியோடு அங்கேயே நின்றுவிட்டார்.

படுத்தேன். பலகை என்னோடு சேர்ந்து உள்ளே இறங்கியது. நெஞ்சு, வயிறு எல்லாம் தண்ணீருக்குள். தாடை மட்டும் மேலே. பலகை அடக்கமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கையை இரண்டு வீசு வீசினேன். ஐயா, என்ன ஓட்டம். படித்துறை பின்னால் போகிறது, துணி துவைக்கிறவர்கள் பின்னால் போகிறார்கள், தென்னை மரம் பின்னால் போகிறது. கயிறு முடிந்து இடுப்பைச் சுண்டி இழுத்தபோதுதான் நின்றேன். பட்டறைக்காரர் கையில் கயிறு அறுத்த சிவப்புக் கோடு.

"வேகத்தைப் பார்த்தீரா?" என்று கேட்டேன்.

"பார்த்தேன் அண்ணே" என்றார் கையை ஊதிக்கொண்டே.

கரையேறி மகளிடம் பெருமையாக நின்றேன். அவள் கேட்டாள்:

"எதிர்த்து வந்து பார்த்தீங்களாப்பா?"

"எதிர்த்து எதுக்கு? கடல்ல அலை உன்னைக் கரைக்குத்தானே தள்ளும்? கூட வர்ற தண்ணிதானே?"

"அலை வந்து தள்ளறதுக்கு முன்னாடியே நாம ஓடிக்கிட்டு இருக்கணும்பா. அது வந்தப்பறம் கை போட்டா விட்டுட்டுப் போயிடும்."

"அதெல்லாம் நான் பார்த்துட்டேன்" என்றேன். என்னத்தைப் பார்த்தேன்? ஒன்றரை வீடியோ.

ஓரமாகத் தண்ணீர் தேங்கி நின்ற இடத்தில் அவளும் ஒரு தடவை படுத்துப் பார்த்தாள். பத்துப் பன்னிரண்டு தடவை கை வீசினாள். எழுந்தாள். பலகையைத் திருப்பிச் சிவப்புக் கோட்டைத் தடவினாள்.

"நல்லா இருக்கா?" என்றேன்.

"அழகா இருக்குப்பா."

நல்லா இருக்கா என்று கேட்டால், அழகா இருக்கு என்று பதில். ஒரு கதவு வாங்க வருகிறவர் இப்படிச் சொன்னால், வாங்க மாட்டார் என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிடும். சொந்தப் பெண் சொன்னால் தெரியவில்லை.

காலாண்டு லீவு வந்தது. கடலூரில் ஒரு கட்டடத்துக்குப் பதினோரு கதவு போக வேண்டியிருந்தது. குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் கதவுகளை அடுக்கி, எல்லாவற்றுக்கும் மேலே போர்வை விரித்து மஞ்சள் பலகையைப் படுக்கவைத்து, நான் வண்டியோடு போனேன். மனைவியும் மகளும் பஸ்ஸில் வந்தார்கள். வழியெல்லாம் பின்னால் திரும்பிப் பார்த்தேன். கதவுகளின்மேல் அது படுத்திருந்த அழகைப் பார்த்தால், ஏழைச் சொந்தக்காரர்கள் வீட்டில் தங்க வந்த பட்டணத்துப் பிள்ளை மாதிரி இருந்தது.

மறுநாள் காலை கடற்கரை. சோதனைக்கு வந்த பிள்ளைகள் ஐந்து பேர். மற்ற நாலு பேரிடமும் அந்த நீலப் பலகை. மாஸ்டர் எங்கள் பலகையை வாங்கி, விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"யார் செஞ்சது?"

"நான்தான்."

"வேலை சுத்தமா இருக்கு சார்" என்றார். பிறகு மகளிடம், "பாப்பா, நம்ம போர்டு ஒண்ணு சும்மா இருக்கு, எடுத்துக்கிறியா?" என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். "இல்ல மாஸ்டர், இதுலயே போறேன்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்போது அதை நினைத்தால் எங்கேயாவது போய் முகத்தை மறைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

விசில் அடித்தது. ஐந்து பேரும் உள்ளே போனார்கள். நீலப் பலகைப் பிள்ளைகள் செய்ததை முதலில் சொல்கிறேன். தூரத்தில் அலை இன்னும் அலையாகவே ஆகியிருக்காது. போர்வைக்கு அடியில் யாரோ முதுகை உயர்த்துகிற மாதிரி ஒரு புடைப்பு, அவ்வளவுதான். அப்போதே திரும்பிக் கை போட ஆரம்பிப்பார்கள். பலகை தண்ணீருக்கு மேலேயே நின்று, நாலு வீச்சில் ஓட ஆரம்பித்துவிடும். புடைப்பு பின்னால் வந்து சேரும்போது அவர்களும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் இருப்பார்கள். அலை அவர்களை அலுங்காமல் தூக்கிக்கொள்ளும். அலை உடைவதற்கு எவ்வளவோ முன்னாலேயே ஏறிவிடுவதால், எழுந்து நிற்க நிதானமாக நேரம் கிடைக்கும்.

என் மகளும் அதே நேரத்தில்தான் திரும்பினாள். அவர்களைவிட இரண்டு மடங்கு கை போட்டாள். தலையணையில் பழகிய கை. ஆனால் பலகை அவளோடு சேர்ந்து தண்ணீருக்குள் இருந்தது. புடைப்பு அவளுக்கு அடியில் புகுந்து, ஒரு தடவை உயர்த்தி, இறக்கிவிட்டுப் போய்விட்டது. இரண்டாவது அலையும் அப்படியே. மூன்றாவதற்குக் கரைப் பக்கம் தள்ளி, அலை உடைகிற இடத்துக்கே வந்து காத்திருந்தாள். அங்கே அலை சுவர் மாதிரி நிற்கும். அது பலகையின் வாலைத் தூக்கி அவளைக் குப்புறக் கவிழ்த்தது. எழுந்தாள், இருமினாள், பலகையை இழுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனாள்.

"தம்பி, ஏன் அவளுக்கு மட்டும் வரலை?" என்று மாஸ்டரைக் கேட்டேன்.

அவர் கடலைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"சார், டவுன் பஸ் நிக்காமப் போவுதுன்னு வெச்சுக்கங்க. நீங்களும் கூடவே ஓடினாத்தான் கம்பியப் பிடிக்கலாம். நின்ன இடத்துல நின்னு கை நீட்டினா பஸ் போயிடும். அகலமான போர்டு, நீளமான போர்டு, மேலேயே மிதக்கும், சீக்கிரம் ஓடும். இது உள்ள இறங்கிக்கிது, தண்ணிய இழுத்துக்கிட்டே வருது. மூக்க வேற ரொம்ப வளைச்சிருக்கீங்க. அது முன்னாடி இருக்கிற தண்ணியத் தள்ளிக்கிட்டே போவுது, எங்க ஓடும்?"

"அப்ப இது கெட்ட போர்டா?"

"கெட்டதுன்னு இல்ல சார். பத்து வருஷம் ஓட்டினவன், செங்குத்தா வர்ற அலையில கடைசி நேரத்துல இறங்குவான், சட்டுன்னு திருப்புவான். அவனுக்கு ஒல்லி வேணும். பாப்பாவுக்கு இப்ப எதுக்கு?"

"இதை நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாமே."

"கேட்டேனே சார். பாப்பாதான் வேணாம்னுச்சு."

"ஏன் வேணாம்னா?"

அவர் இப்போதுதான் என்னைப் பார்த்தார். "நீங்க பக்கத்துல நின்னீங்க."

பின்னால் குடைக்கு அடியிலிருந்து என் மனைவி சொன்னாள்: "மணியப் பாருங்க. பதினேழு நிமிஷம் ஆச்சு."

சும்மா கிடந்த நீலப் பலகையைத் தூக்கிக்கொண்டு பேன்ட்டோடு கடலுக்குள் போனேன். முதல் அலை பலகையை என் மூக்கில் அடித்தது. இரண்டாவது அலையில் விழுந்தேன். கரையில் யாரோ சிரித்தார்கள், சிரிக்கட்டும். மார்பளவு தண்ணீரில் அவளிடம் போய்ச் சேர்ந்தேன்.

"எதுக்குப்பா வந்தீங்க?"

"இதை எடுத்துக்க. அதைக் குடு."

"வேணாம்பா, அடுத்ததைப் பிடிச்சிடுவேன். எனக்குத்தான் கையில வலு பத்தலை."

"உன் கையில ஒரு குறையும் இல்ல. நான் போர்டைத் தப்பாச் செஞ்சுட்டேன். அன்னிக்குக் காவேரியில ஓடினது காவேரி. போர்டு ஓடலை."

அவள் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தாள். "தெரியும்பா."

"எப்பலேர்ந்து?"

"ஆடியிலேர்ந்து."

அதற்குமேல் பேச நேரம் இல்லை. பலகையை மாற்றிக்கொண்டோம். அவள் அந்த நீலக் கதவில் படுத்ததுமே உடம்பு முழுக்கத் தண்ணீருக்கு மேலே வந்ததை நான் கிட்டத்திலிருந்து பார்த்தேன். என் வியாபாரத்துக்கே அடையாளமான அந்த அகலம் அவளைத் தட்டில் வைத்து ஏந்துகிற மாதிரி ஏந்தியது. திரும்பினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து வீச்சு. புடைப்பு வந்தது. அலை என்று நான் உணர்வதற்குள் அவள் அதோடு போய்விட்டாள். அவள் எழுந்து நின்ற முதுகை மட்டும் பார்த்தேன்.

நான் மஞ்சள் பலகையில் படுத்துக் கரைக்கு வரலாம் என்று பார்த்தேன். கரையில் இருந்த அத்தனை பேரும் பார்க்க, கடல் என்னை உருட்டி, வாயில் மண்ணோடு என் மனைவியின் குடை அருகே கொண்டுவந்து போட்டது.

"அழகா இருக்கு" என்றாள் அவள்.

இரண்டாவது அலையையும் மகள் பிடித்தாள். மூன்றாவதையும் பிடித்தாள், ஆனால் அவள் எழுந்து நின்றபோது விசில் அடித்து முடிந்திருந்தது. மாஸ்டர் தலையை ஆட்டினார். "ரெண்டுதான் பாப்பா. மத்தவங்களுக்கும் அதே நேரம்தானே." அவர் சொன்னது நியாயம்.

அவள் அழவில்லை. அழ மாட்டேன் என்று சொல்லியிருந்தாளே. துண்டை எடுத்துத் தலையைத் துவட்டி, அதை மடித்து, அம்மாவிடம் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை கணக்கு எத்தனை மணிக்கும்மா?"

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. மனைவி என்னைப் பார்த்தாள். டியூஷன் பிள்ளை ஒன்று அடுத்தவன் விடையைப் பார்த்து எழுதினால் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"யாருக்குக் கணக்கு? பெயிலானது உங்க அப்பா. அவர் பெயிலானதுக்கு உனக்கு எப்படி டியூஷன் வைக்கிறது?" மாஸ்டர் பக்கம் திரும்பினாள். "தம்பி, அரையாண்டு லீவுல இன்னொரு தடவை வைப்பீங்களா?"

"தேறாதவங்களுக்கு வைக்கத்தாங்க போறேன். வரட்டும்."

"அதுவரைக்கும் இவருக்கு நீ டியூஷன் எடு" என்றாள் மகளிடம்.

எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும், வாய்ப்பாட்டுப் பிள்ளைகள் உட்காரும் அதே பாயில் நான் உட்கார்ந்தேன். அந்தப் பாதியில் நிறுத்திய வீடியோவை முழுதும் ஓட்டி, நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னாள். நோட்டில் படம் போடச் சொன்னாள். நீளம் ஏன், அகலம் ஏன், தடிமன் ஏன் என்று கேள்வி கேட்டாள். "முன்பக்கம் அகலமாயிருந்தா என்ன ஆகும்?" என்று கேட்டபோது நான், "அழகு போயிடும்" என்றேன். பக்கத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று சிரித்தது.

இரண்டாவது பலகைக்கு உப்புத்தாள் அதிகம் செலவாகவில்லை. கதவுக்கு வாங்கிய ஃபோம் கட்டையை எடுத்து, ஓரத்தை உருட்டி, முனையை ஸ்பூன் மாதிரி வட்டமாக்கி, மூக்கை லேசாக, தண்ணீரில் குத்தாத அளவுக்கு மட்டும் தூக்கினேன். எட்டடி நீளம். இருபத்திரண்டரை அங்குல அகலம். மூன்று அங்குலத் தடிமன். அடிப்பக்கம் கிட்டத்தட்டத் தட்டை. வெள்ளைப் பெயின்ட், அதுவும் கதவுக்கு வாங்கி மீந்தது.

"அண்ணே, கதவுக்கு மூலைய ஏன் உருட்டிட்டீங்க?" என்றார் பட்டறைக்காரர்.

கே.கே. நகரிலிருந்து கதவு பார்க்க வந்த ஒருவர் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதைக் காட்டி, இந்த மாடலில் இரண்டு வேண்டும் என்றார். அது கதவு இல்லை என்று நம்பவைக்கக் கால் மணி நேரம் ஆனது. தாழ்ப்பாள் எங்கே வைப்பீர்கள் என்று போகும்போதும் கேட்டார்.

ஆற்றில் தண்ணீர் குறைந்ததும் மறுபடி போனோம். இந்தத் தடவை சோதனை மகளுடையது. தண்ணீர் ஓடாமல் தேங்கி நிற்கும் ஓரத்தில், ஒரு படியிலிருந்து ஒரு கல் வரைக்கும், இரண்டு பலகையிலும் அவளே போனாள். நான் கரையில் உட்கார்ந்து கை வீச்சை எண்ண வேண்டும். மஞ்சளில் முப்பத்தாறு. வெள்ளையில் பதினெட்டு. சரியாக எண்ணினேனா என்று இன்னொரு தடவை போகச் சொன்னேன். அப்போதும் பதினெட்டுதான்.

மஞ்சள் பலகைக்கு நாலு கால் வைத்துக் கொடுத்துவிட்டேன். மேலே கம்பளி விரித்து என் மனைவி அதில் துணி தேய்க்கிறாள். வளைந்த மூக்கு, சட்டைத் தோளை மாட்டித் தேய்க்க வசதியாக இருக்கிறதாம். வீட்டுக்கு வருகிறவர்கள் எங்கே வாங்கியது என்று கேட்கிறார்கள். அவள் என் பக்கம் கை காட்டுகிறாள்.

அரையாண்டு லீவில் அதே கடற்கரை. கடல் கொஞ்சம் கலங்கலாக இருந்தது. சோதனைக்கு மூன்று பேர் வந்திருந்தார்கள். மாஸ்டர் வெள்ளைப் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதை யார் செஞ்சது?" என்றார்.

"கதவு செய்யறவரு" என்றாள் மகள்.

நான் இந்தத் தடவை பக்கத்தில் நிற்கவில்லை. தள்ளிப் போய், கரையில் ஏற்றிக் கிடந்த ஒரு படகின் நிழலில் உட்கார்ந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டாம் என்று.

விசில் அடித்தது. அவள் உள்ளே போய், திரும்பி, எதற்காகவோ கை போட ஆரம்பித்தாள். எனக்கு அலையே தெரியவில்லை. மற்ற இரண்டு பிள்ளைகளும் இன்னும் திரும்பக்கூட இல்லை. அவசரப்படுகிறாளே என்று நினைத்தேன். அப்புறம்தான் அந்தப் புடைப்பு அவளுக்குப் பின்னால் வந்து நின்றது, அவளைக் கூட்டிக்கொண்டு போக வந்த மாதிரி. அவள் நிதானமாக, பாயிலிருந்து எழுகிற மாதிரி எழுந்தாள். ஒன்று.

இரண்டாவதை எண்ண நான் எழுந்து நின்றேன். மூன்றாவதுக்கு என்னை அறியாமல் தண்ணீருக்குள் முழங்கால் வரை போயிருந்தேன். இந்தத் தடவையும் பேன்ட்டோடுதான்.

மூன்று முடிந்தும் அவள் கரைக்கு வரவில்லை. விசிலுக்கு இன்னும் பத்து நிமிஷத்துக்குமேல் இருந்தது. அவள் பலகையைத் திருப்பிக்கொண்டு நாலாவதுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

மனைவி குடையை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. விடியறதுக்கு முன்னாடி பஸ் ஏறணும். அவளை யார் எழுப்பறது?"

"நான்."

"உங்களை?"

"அவ எழுப்புவா" என்றேன்.